மஞ்சள் பொட்டு

அய்யா ஜெபராஜ், உன் கலியாணச் செய்தியை நான் மைக்கில் கேட்டேன். ஸ்தோத்திரம், சுகம், நலம் விசாரிப்பு எல்லாவற்றையும் பிறகு வைத்துக்கொள்வோம். இதைச் சொல்லாமல் எனக்கு மேலே எழுத ஓடாது. பதினைந்து நாளைக்கு முன்னால், ஞாயிறு ஆராதனையில், பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போதகர் கலியாண ஓலை வாசிக்க எழுந்தார். உனக்குத் தெரியும், நம் சபையில் ஓலை வாசிக்கிற நேரம்தான் பெண்களுக்குக் காது நன்றாகத் திறக்கும். எந்த வீட்டுப் பையன், எந்த வீட்டுப் பெண் என்று கேட்டுக் குசுகுசுக்க நானும் தயாராகத்தான் இருந்தேன். பிலாய் சபையைச் சேர்ந்த எஸ்தர் என்றார். இந்தச் சபையைச் சேர்ந்த ஜெபராஜ் என்றார். உன் அப்பா பெயரைச் சொல்லி, காலஞ்சென்ற என்றார். பிறகு என் பெயர் வந்தது. இது முதலாம் ஓலை, தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் தெரிவிக்கவும் என்றார். பக்கத்தில் இருந்த லில்லி என் தொடையில் கிள்ளினாள். "ஏட்டி, ஒம் மவனுக்கா கலியாணம்? மூச்சு விடலியே நீ!" என்றாள். "ஆமாட்டி, திடீர்னு முடிவாச்சு" என்று சிரித்தேன். கோயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு பொய் சொன்னேன்.

முதல் இரண்டு நாள் உன்மேல் கோபம் இருந்தது, மறைக்க மாட்டேன். பெற்றவளுக்கு ஒரு கார்டு போடக்கூடக் கையில்லையா இவனுக்கு என்று அடுப்போடும் பாத்திரத்தோடும் சண்டை போட்டேன். ஓலையை இரண்டு சபையிலும் மூன்று ஞாயிறு வாசித்தாக வேண்டும் என்கிற சட்டம் இல்லாவிட்டால், உனக்குப் பிள்ளை பிறந்து பேர் வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கும். நீ பம்பாயை விட்டுப் போன இந்த இரண்டரை வருஷத்தில் மணியார்டர் ஒரு மாதம் தவறியதில்லை. கூப்பனில் நாலு வரி எழுத இடம் இருக்கிறது. அதில் நீ ஒரு எழுத்து எழுதியதில்லை. தபால்காரர் போன பிறகு பின்பக்கமாவது ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பேன். சாயங்காலம் செம்பூரில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி நடந்து வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நீ இருந்தபோது எதுவும் வைத்த இடத்தில் இருக்காது, அதற்காக உன்னை எவ்வளவு திட்டியிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் எனக்குக் கேட்கிறது. அத்தனை சனம் சுற்றிலும் இருந்தும் நான் தனியாக இருக்கிறேன் அய்யா. ரொம்பத் தனியாக இருக்கிறேன்.

நீ ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பெட்டிதான் காரணம். அதைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

சபைக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கவேண்டும் என்று கமிட்டி பேசியபோது, எங்கள் கம்பெனியில் வாங்குங்கள் என்று எழுந்து சொன்னவள் நான். வேலையாட்கள் மூலம் வாங்கினால் விலை குறைத்துத் தருவார்கள் என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் பெருமை. உன் அப்பா போன பிறகு, எட்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஈயம் எது இரும்பு எது என்று தெரியாமல் அந்தக் கம்பெனிக்குள் நுழைந்தவள் நான். இன்று ரேடியோவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒயர் வைத்து ஈயம் பற்றவைக்கிற மேஜையில் மூத்த கை. எங்கள் மேஜையின் வழக்கம் உனக்குத் தெரியாது, சொல்கிறேன். ஒரு பெட்டி கவிழ்ந்த நிலையில் தட்டில் வரும். ஒருத்திக்கு இன்ன இன்ன இடம் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ஒயரை மடக்கி, ஈயம் வைத்து, அது ஆறின பிறகு அதன்மேல் பெயின்டால் ஒரு பொட்டு வைக்கவேண்டும். ஆளுக்கு ஒரு நிறம். பின்னால் கோளாறு வந்தால் யார் கை என்று தெரிய வேண்டுமாம். லில்லிக்குப் பச்சை, எனக்கு மஞ்சள். "நெத்தியில வைக்காத பொட்ட நாம கம்பெனியில வைக்கோம்ட்டி" என்று லில்லி கேலி பண்ணுவாள். இத்தனை வருஷத்தில் மஞ்சள் பொட்டு வைத்த எதுவும் திரும்பி வந்ததில்லை என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டியை ஓட்டுகிற வேலையை நீ ஏற்றாய். ஒரு வருஷம் நன்றாகப் பேசியது. பிறகு பிரசங்கம் முக்கால் மணி நேரம் தாண்டினால் ஊமையாகிவிடும். நீ பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுவாய், மறுபடி பேசும். தட்டித் தட்டியே மிஷினைக் கெடுக்கிறான் என்றார்கள். கடை மெக்கானிக் ஒருத்தன் வந்து திறந்து பார்த்தான். குளிர்ந்து கிடந்த பெட்டி அவனிடம் ஒழுங்காகப் பேசிற்று. ஒன்றும் கண்டுபிடிக்க முடியாதவன் ஏதாவது சொல்லவேண்டுமே, பெரிய வால்வு இரண்டில் ஒன்று வேறு கம்பெனி மார்க்கு, யாரோ நல்லதை உருவிக்கொண்டு பழசை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரம்தான் அசனப் பண்டிகை. சனம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, நீ சாம்பார் வாளியோடு நிற்கிறாய், வந்திருந்த ஊழியக்காரர் ஜெபம் பண்ணுகிறார், பாதியில் மைக் நின்றது. செயலாளர் தவமணி அண்ணாச்சி இலையை விட்டு எழுந்தார். "வால்வ வித்துத் தின்னவன் கையால சாம்பார் வாங்கித் திங்கோம், நமக்கு வெளங்குமா?" என்றார்.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த மனுஷனை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நான் உன்னிடம் வந்தேன். அத்தனை இலைக்கும் நடுவில் நின்று, "ஏலே, எடுத்தியாலே? எடுத்திருந்தா சொல்லிரு" என்றேன். நீ, "நான் எடுக்கலம்மா. பெட்டியத் தொறந்து உள்ளுக்குள்ள நல்லாப் பாருங்க" என்றாய். அதற்கு நான் சொன்ன பதிலை நீ மறந்திருக்க மாட்டாய். "எங்க கம்பெனிப் பெட்டியில கோளாறு வராதுல. நாங்க கையால செஞ்சது" என்றேன். நீ வாளியைத் தரையில் வைத்தாய். சாப்பிடாமல் போனாய். சனிக்கிழமை பிலாய்க்கு ரயில் ஏறிவிட்டாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதலாம் ஓலை வாசித்த அன்று ஆராதனை முடிந்ததும் தவமணி அண்ணாச்சி போதகரைப் பிடித்துக்கொண்டார். பையனைப் பற்றிப் பிலாய் சபைக்கு நற்சாட்சிக் கடிதம் எழுதவேண்டுமே, அந்தப் பெட்டி சமாசாரம் தீராமல் எப்படி எழுதுவது, மூன்றாம் ஓலையில் நான் எழுந்து சொல்லத்தான் சொல்வேன் என்றார். நான் தூணுக்குப் பின்னால் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன், கேட்டுவிட்டேன். எஸ்தர் வீட்டாருக்கு ஒரு வார்த்தை போனால் போதும், கலியாணம் நின்றுவிடும். சபைக்கு வேறு பெட்டி வந்த பிறகு சாமான் அறையில் துணி சுற்றிக் கிடந்த அந்தப் பழைய பெட்டியை அன்றே கேட்டு வாங்கி, கூலிக்காரர் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன்னை நம்பித்தான் கொண்டுவந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். நீ எடுத்திருந்தால் அதற்குப் பதில் வால்வு வாங்கி வைத்துவிட்டு, பெட்டி பேசுகிறது, விட்டுவிடுங்கள் என்று காலில் விழலாம் என்றுதான் கொண்டுவந்தேன். அன்றைக்கும் நான் உன்னை நம்பவில்லை.

எனக்கு ஈயம் வைக்கத் தெரியும், கோளாறு பார்க்கத் தெரியாது. கம்பெனியில் டெஸ்டிங் மேஜை சார் ஒருவர் மாட்டுங்காவிலிருந்து வருகிறார், சிரிக்கவே மாட்டார். அவரிடம் போய் நின்றேன். "பின்னாலேர்ந்து முன்னால வாங்கோ. ஸ்பீக்கர் பக்கம் ஆரம்பிச்சு மைக் பக்கமா, ஒவ்வொரு வால்வா ஸ்க்ரூடிரைவர் நுனியால தொட்டுண்டே வாங்கோ. தொட்டா பர்ர்னு சத்தம் வரணும். எங்க வரலையோ, அதுக்கும் கடைசியா சத்தம் வந்த இடத்துக்கும் நடுவுலதான் கோளாறு. சத்தம் நிக்கற வரைக்கும் பெட்டி சூடாகட்டும், அவசரப்படப்படாது" என்றார். எந்தக் காலைத் தொடவேண்டும் என்று காகிதத்தில் வட்டம் போட்டுக் கொடுத்தார். ஷாக் அடிக்காதா சார் என்றேன். "அடிக்கும். ஆளையே கொண்டுபோயிடும். ஒரு கைதான் உள்ள போகணும். இன்னொரு கையைப் பாக்கெட்ல போட்டுக்கோங்கோ" என்றார். "புடவையில ஏது சார் பாக்கெட்?" என்றேன். அதற்கும் அவர் சிரிக்கவில்லை. "அப்போ முதுகுக்குப் பின்னால வச்சுக்கோங்கோ" என்றார். சிறிய ஸ்பீக்கர் ஒன்றும் இரவல் தந்தார்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்தேன். பல்பைக் கழற்றி அந்த ஹோல்டரில்தான் பெட்டிக்குக் கரண்ட் எடுக்கவேண்டும், ஆகையால் கதவைத் திறந்து வெளிச்சத்துக்கு வைத்துக்கொண்டேன். ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தால் மைக் ஊளையிடுகிறது, அதைக் கதவுக்கு வெளியே படியில் வைத்தேன். சத்தம் எப்போது நிற்கிறது என்று தெரிய யாராவது மைக்கில் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். யார் இருக்கிறார்கள்? நானே பேசினேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஹலோ ஹலோ என்றேன், ஒன்று இரண்டு என்றேன், பிறகு வாயில் வந்தது உன் பெயர். ஜெபராஜ், ஜெபராஜ் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சந்து முழுக்கக் கேட்டிருக்கிறது. பக்கத்து அறை மராத்திக்காரி ஓடிவந்து, என்ன ஆச்சோ என்று, "காய் ஜாலா பாய்?" என்றாள். மைக்கைக் காட்டினேன், போய்விட்டாள். முக்கால் மணி நேரம் உன்னைக் கூப்பிட்டேன். திடீரென்று என் குரல் எனக்கே வெளியே கேட்கவில்லை.

இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். பெரிய வால்வைத் தொட்டேன், பர்ர் என்றது. அதாவது நல்லதை விற்றுவிட்டு நீ மாற்றி வைத்ததாக அவர்கள் சொன்ன வால்வு வேலை செய்துகொண்டிருந்தது. அதற்கு முந்தின வால்வைத் தொட்டேன், இன்னும் பலமாகக் கேட்டது. மைக் பக்கத்து வால்வைத் தொட்டேன், சத்தமே இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏழெட்டு ஜாயின்ட்தான். சார் சொன்னபடி, காய்ந்த ஈர்க்கு இரண்டைச் சேர்த்துக் கட்டி, அதன் நுனியால் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே மைக்கில் உன் பெயரைச் சொன்னேன். நாலாவதை அழுத்தும்போது கரகரவென்று வந்து, உன் பெயரின் பின்பாதி மட்டும் வாசலில் கேட்டது. கரண்டைப் பிடுங்கிவிட்டு, உள்ளே தங்கியிருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்று நேரம் விட்டு, கண்ணாடி போட்டுக் குனிந்து பார்த்தேன். நல்ல ஜாயின்ட் பளபளவென்று இருக்கும். இது சாம்பல் பூத்துக் கிடந்தது. விரலால் தொட்டால் ஒயர் உள்ளே திரும்புகிறது. ஈயம் ஆறுவதற்குள் ஒயர் அசைந்தால் இப்படி ஆகும். குளிரில் ஒட்டிக்கொண்டிருக்கும், சூட்டில் விட்டுவிடும், தட்டினால் மறுபடி ஒட்டும். அதன்மேல் மஞ்சள் பொட்டு.

என்றைக்கு வைத்தேன் அதை? காய்ச்சலாக இருந்தேனா, உன்னை நினைத்துக்கொண்டிருந்தேனா, மேஸ்திரி அவசரப்படுத்தினானா? யோசித்து யோசித்துப் பார்த்தேன், காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆயிரத்தில் ஒன்று கை தவறியிருக்கிறது, அவ்வளவுதான். மறுநாள் லில்லியிடம் வால்வைப் பற்றிக் கேட்டேன். "அந்த வருசம் வால்வு வராம கட்பட் ஆச்சுல்லா, கெடச்ச மார்க்கெல்லாம் போட்டுத்தான அனுப்புனோம்" என்றாள், என்னமோ தெருவில் போகிற செய்தி மாதிரி. இரண்டரை வருஷம் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து வேலை செய்கிறேன். ஒரு நாள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

அந்த ஜாயின்ட்டைச் சூடாக்கி, பழைய ஈயத்தை எடுத்து, புதிதாக வைத்தேன். இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன், பெட்டி நிற்கவில்லை. மஞ்சள் பெயின்ட் சூட்டில் உரிந்து தகட்டில் ஒட்டிக் கிடந்தது. அதைச் சுரண்டிப் போட்டுவிட்டு, ஏதோ கம்பெனிக் கோளாறு, சரியாகிவிட்டது என்று சொன்னால் போதும். உன் பெயரும் பிழைக்கும், என் பெயரும் பிழைக்கும். அந்த வாரம் முழுக்க ரயிலில் நின்றுகொண்டு இதைத்தான் நினைத்தேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை அய்யா, பாதிக்கு மேல் முடிவே பண்ணிவிட்டேன்.

நேற்று மூன்றாம் ஓலை. தடை அறிந்தவர்கள் என்று போதகர் சொல்லி முடிக்கவில்லை, ஆண்கள் பக்கம் தவமணி அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். நான் எழுந்துவிட்டேன். கோயிலே திரும்பிப் பார்த்தது, மகன் கலியாணத்துக்குப் பெற்றவளே தடை சொல்லுகிறாள் என்று. லில்லி புடவையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? உக்காரு" என்றாள். போதகர், "ஆட்சேபணையாம்மா?" என்றார். "ஆட்சேபணை இல்ல ஐயா. எம் மவன் அந்தப் பெட்டியில எதையும் எடுக்கல. நான் போட்ட ஜாயின்ட் விட்டுப் போச்சு. எங்கையால கெட்டது, எம் பொட்டு அதுமேல இருக்கு. வேற மார்க்கு வால்வும் கம்பெனியில போட்டதுதான்" என்றேன். ஆண்கள் பக்கம் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன். அண்ணாச்சி முகம் சுண்டிப்போயிற்று. "மிஷின் கோளாறுன்னு எங்கிட்டத் தனியாச் சொன்னாப் போதும்லா? சபையில எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். "எம் மவனச் சபையில வச்சுத்தான அண்ணாச்சி கேட்டேன்?" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். போதகர் தடையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நற்சாட்சிக் கடிதம் இன்று காலைத் தபாலில் போயிருக்கிறது.

குடும்பம் நடத்தப் போகிறவனுக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். உன் அப்பா தன் மேஸ்திரியை ஒரு நாள் சாப்பிடக் கூட்டிவந்தார், நான் கறியைத் தீய விட்டுவிட்டேன். "எங்க வீட்டுல இப்படித்தான் அண்ணாச்சி, எனக்குத் தீஞ்சாத்தான் புடிக்கும்" என்று சட்டியை வழித்துச் சாப்பிட்டார். வந்தவர் போன பிறகும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எஸ்தரை நாலு பேர் முன்னால் நீ எதுவும் கேட்காதே. சந்தேகம் வந்தால் உன் கையில் கோளாறு இருக்கிறதா என்று முதலில் பார். அவள் இல்லை என்றால் இல்லை என்று எடுத்துக்கொள். சட்டையைக் கழற்றித் தரையில் போடாதே, அது எனக்குப் பழகியது, அவளுக்குப் பழகாது.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன் அய்யா. நீ சொன்னதை நான் நம்பியிருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து பார்த்த பிறகு நம்புவதற்குப் பெயர் நம்பிக்கை இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் நீ உடனே மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கூப்பிடாத கலியாணத்துக்கு நான் இதுவரை போனதில்லை. இதற்கு வருகிறேன். வியாழக்கிழமை பிலாய் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். யாராவது கேட்டால் பம்பாயில் தெரிந்த அம்மா என்று சொல்லிக்கொள், நான் மறுத்துப் பேசமாட்டேன். வரவேண்டாம் என்று சொல்ல உனக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் பதில் எழுத நேரமில்லை. இது உன் கைக்கு வரும்போது நான் நாக்பூரைத் தாண்டியிருப்பேன். வேண்டாம் என்றால் ஸ்டேஷனுக்கு வந்து என்னிடம் நேரிலேயே சொல்லிவிடு. கேட்டுக்கொண்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுகிறேன். அப்படியாவது உன் முகத்தைப் பார்த்துவிடுவேன்.